ஏழாவது கட்டம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. அதில் இருவருக்குமே வருத்தம் கிடையாது.

குருவின் பெயர் கோமளவல்லி. ஆவாரம்பேடு நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தை ஒற்றை ஆளாக நடத்திவந்தார். கூடம் என்றால் முதல் தெருவில், மேல்நிலைத் தொட்டியின் காலடியில், இரண்டே அறை. முதல் தெரு என்பதால் கூடத்துக் குழாயில் ஆற்று நீர் வந்தது. நான்காவது தெரு வரைக்கும் அப்படித்தான்.

சீடர் தணிகாசலம். இருபத்திரண்டு வருடம் அதே ஊரில் வால்வு திறந்து மூடியவர். தெருமுனைக் குழியில் இறங்கி, ஆள் உயரச் சாவியைப் போட்டுத் திருகி, எந்தத் தெரு எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர். ஒருநாள் குழிக்குள் வழுக்கிக் கணுக்கால் உடைந்தது. இனிமேல் குழி வேண்டாம் என்றார் டாக்டர். அலுவலகம் அவரைக் கோமளவல்லியிடம் அனுப்பிவைத்தது.

வந்த அன்றே அவர் கேட்டார். "டீச்சர், இந்த வயசுல இதெல்லாம் என் மண்டையில ஏறுமா?"

"கேள்வி கேட்பீங்களா?"

"அதுக்குத்தான் வீட்டுல திட்டறாங்க."

"அப்ப ஏறும்," என்றார் கோமளவல்லி.

அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். குடுவையைக் கழுவிய தண்ணீரிலேயே மறுபடி ஏன் கழுவக்கூடாது, உப்பு கண்ணுக்குத் தெரியாதபோது பாத்திரத்தில் மட்டும் எப்படித் தெரிகிறது, இப்படி. கோமளவல்லி சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்குக் குடுவையைக் கையில் கொடுத்தார்.

சித்திரை வெயில் தொடங்கிய வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்தாவது தெருக் குழாய்த் தண்ணீரைச் சோதித்து, குடிக்கத் தகுந்ததுதானா என்று மறுநாள் மாலை நான்கு மணிக்குள் எழுதித் தர வேண்டும்.

ஐந்தாவது தெருதான் கடைசித் தெரு. அங்கே குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பக்கெட்டில் நாலு நாள் கிடந்தால் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டும். சோப்பு நுரைக்காது, திரியும். அதனால் குடிக்கவும் உலை வைக்கவும் செவ்வாய், வெள்ளிகளில் லாரி வந்தது. வீட்டுக்கு ஆறு குடம். குழாய்த் தண்ணீர் தகுந்தது என்று கூடம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒன்றாம் தேதியோடு லாரி நிற்கும்.

தணிகாசலம் காலையிலேயே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினார். அவர் பின்னாலேயே ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். மரியபுஷ்பம். அந்தத் தெருவில் வீட்டிலேயே இட்லியும் சாம்பாரும் செய்து விற்பவர்.

"பாட்டில்ல பிடிச்சது போதும்னு சொன்னேன், கேக்கல," என்றார் தணிகாசலம்.

"உங்களுக்குப் போதும். கைதவறிக் கொட்டிட்டீங்கன்னா?" மரியபுஷ்பம் கேனை மேஜை மேல் வைத்தார். "மேடம், எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க. லாரித் தண்ணி வியாபாரத்துக்குப் பத்தாது, குழாய்த் தண்ணியிலதான் வேக வைக்கறேன். மூணு விசில்ல வேகற பருப்பு எங்க தெருவுல ஒன்பது விசில் கேக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க எண்ணிட்டு, என்ன இன்னிக்கு எட்டுதான் வந்துதுன்னு கேக்கறாங்க."

கோமளவல்லி நாற்காலியைக் காட்டினார். மரியபுஷ்பம் உட்காரவில்லை.

தணிகாசலம் ஐம்பது மில்லி அளந்து கூம்புக் குடுவையில் ஊற்றினார். மூக்கைத் துளைக்கும் கரைசலில் கொஞ்சம், கருப்புத் தூளில் ஒரு சிட்டிகை. தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி சிவந்தது. மேலே கண்ணாடிக் குழலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கினார். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் சிவப்பாத்தானே இருக்கு," என்றார் மரியபுஷ்பம்.

"நீலமாகணும். எத்தனை மில்லியில ஆகுதுங்கறதுதான் கணக்கு. எங்க தெருத் தண்ணி நாலு மில்லியில ஆயிடும்."

"உங்க தெரு எதுங்க?"

"ரெண்டாவது."

"சொல்லவே வேணாம்."

இருபத்தேழாவது மில்லியில் சிவப்பு போயிற்று. குடுவை நீலமாக நின்றது.

"இருபத்தேழு. இருபதால பெருக்கினா கடினத்தன்மை ஐந்நூத்தி நாப்பது," என்று தணிகாசலம் குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல. பிறகு படிவத்தை எடுத்துக் கோமளவல்லி முன்னால் வைத்தார். ஆறாவது கட்டத்தில் எண்ணை மட்டும் எழுத வேண்டியிருந்தது. மற்றதையெல்லாம் தெருவில் நின்றே நிரப்பியிருந்தார்.

ஏழாவது கட்டத்தில் ஒரு கேள்வி அச்சடித்திருந்தது: வேறு நீர் ஆதாரம் உண்டா?

அதற்கு நேரே தணிகாசலத்தின் கையெழுத்து: அறவே இல்லை. கீழே இரண்டு கோடு.

"இது யார் எழுதச் சொன்னது?" என்றார் கோமளவல்லி.

"நான்தாங்க மேடம்," என்றார் மரியபுஷ்பம். "அழுத்தி எழுதுங்கன்னேன். நாதியில்லாத தெருன்னு தெரிஞ்சாத்தானே அவங்க மனசு எறங்கும்."

"ரெண்டு கோடு நான் போட்டது," என்றார் தணிகாசலம். பெருமை கொஞ்சம் இருந்தது.

கோமளவல்லி ஆறாவது கட்டத்தில் 540 என்று எழுதினார். ரப்பர் முத்திரையை மையில் தொட்டு, படிவத்தின் அடியில் அழுத்தினார்.

அனுமதிக்கத்தக்கது.

தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார். "டீச்சர், முத்திரை மாறிப்போச்சு."

"மாறல."

சுவரில் விதித்தாள் ஒட்டியிருந்தது. கோமளவல்லி எழுந்து போய் ஒரு வரியில் விரலை வைத்தார். கடினத்தன்மைக்கு அங்கே இரண்டு எண்கள். ஏற்கத்தக்க அளவு, இருநூறு. வேறு ஆதாரம் இல்லாத இடங்களில் அனுமதிக்கத்தக்க அளவு, அறுநூறு.

"அதெப்படி டீச்சர்?" தணிகாசலம் தொடங்கினார். "வேற இல்லாதவங்களுக்குத்தானே முதல்ல நல்ல தண்ணி குடுக்கணும்? இது என்னடான்னா, உனக்கு வேற இல்லையா, அப்ப இதையே குடின்னுல்ல சொல்லுது."

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எழுதினவன் குடிப்பானா?"

"அது இங்க எழுதல."

மரியபுஷ்பம் இப்போதுதான் உட்கார்ந்தார். "புரியறாப்பல சொல்லுங்க மேடம். எங்களுக்கு வேற கதியில்லைன்னு இவர் எழுதினதால எங்க தண்ணி நல்ல தண்ணி ஆயிடுச்சா?"

"ஆமா."

"ரெண்டே வார்த்தையில." அவர் தணிகாசலத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பருப்பு டப்பா மேல ஒரு வரி எழுதிக் குடுங்க வால்வுக்காரரே. மூணு விசில்ல வேகுதான்னு பாக்கறேன்."

தணிகாசலம் படிவத்தை உருவினார். "தப்பு நம்மளுது. அடிச்சிட்டு எழுதறேன். லாரி வருதுல்ல? அது வேற தண்ணிதானே? லாரி உண்டுன்னு போட்டா கணக்கு இருநூறுக்கு வந்துடும். ஐந்நூத்தி நாப்பது ஆகாதுன்னு ஆயிடும்."

"எழுதலாம்," என்றார் கோமளவல்லி. "லாரியை நிறுத்தறதுக்குத்தான் இந்த அறிக்கை கேக்கறாங்க. நாளைக்கே நிறுத்திட்டு, இப்ப லாரி இல்லையே, மறுபடி சோதிச்சுக் குடுங்கன்னு வருவாங்க. அப்ப என்ன எழுதுவீங்க?"

தணிகாசலம் விரலை மடக்கிப் பார்த்தார்.

"லாரி வந்தா தண்ணி கெட்டது. லாரி நின்னா அதே தண்ணி நல்லது."

"ஆமா."

"இது என்ன கண்றாவி டீச்சர்."

தணிகாசலம் நீல நிறக் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டார். "விதியை விடுங்க. லாரியை விடுங்க. ஆறு மாசமா உங்ககிட்ட கத்துக்கறேன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தண்ணி நல்லதா, கெட்டதா?"

கோமளவல்லி அலமாரியிலிருந்து இரண்டு தம்ளர் எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் தன்னுடைய பாட்டிலிலிருந்து ஊற்றினார். காலையில் கூடத்துக் குழாயில் தணிகாசலமே பிடித்து வைத்த ஆற்று நீர். இன்னொன்றில் மரியபுஷ்பத்தின் கேனிலிருந்து ஊற்றினார்.

"குடிங்க அண்ணே."

தணிகாசலம் ஆற்று நீரை எடுத்துக் குடித்தார். யோசிக்கவே இல்லை.

கோமளவல்லி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டார். பாட்டிலை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இன்னொரு மடக்கு குடிங்க."

மிச்சமிருந்தது ஒரே தம்ளர். தணிகாசலம் அதைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார். தொண்டைக்குள் போகுமுன் முகம் சுளித்துவிட்டது.

"நல்லா இருக்கா?"

"எங்க நல்லா இருக்கு. வேற இல்லையேன்னு குடிச்சேன்."

"இல்லையா?" என்றார் கோமளவல்லி.

தணிகாசலத்தின் கண் டிராயரின் பூட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து கோமளவல்லியின் கைக்கு. பிறகு, உடைந்து சேர்ந்த கால் எடை தாங்காமல், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நாலாவது தெரு முனையில ஒரு வால்வு இருக்கு," என்றார்.

கணுக்காலைத் தடவிக்கொண்டார்.

"ஆத்துத் தண்ணி வால்வு. அஞ்சாவது தெருவுக்குப் போறது. பைப்பும் போட்டிருக்கு. பதினோரு வருஷம் ஆச்சு."

மரியபுஷ்பம் மெதுவாகத் திரும்பினார். "எங்க தெருவுக்கா?"

"உங்க தெருவுக்குத்தான்."

"அன்னிக்குத் தோண்டினது கேபிளுக்குன்னுல்ல சொன்னாங்க."

"பைப்புக்கு. மூணு நாள் தண்ணி விட்டுப் பார்த்தோம். முதல் தெருவுல மாடிக்கு ஏறலைன்னு போன் மேல போன். மூடச் சொன்னாங்க. நான்தான் மூடினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் திறக்கச் சொல்லல." தணிகாசலம் தரையைப் பார்த்துப் பேசினார். "துருப்பிடிக்கக் கூடாதுன்னு மாசம் ஒருக்கா கிரீஸ் மட்டும் போடுவேன்."

"பதினோரு வருஷமா."

"ஆமா."

"வழுவழுன்னு இருக்குமே," என்றார் மரியபுஷ்பம்.

அவர் கத்தியிருந்தால் தணிகாசலத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கேனின் மூடியை இறுக்கி மூடினார், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"டீச்சர், நான் பொய் எழுதல," என்றார் தணிகாசலம். "வால்வு மூடிட்டா அந்தப் பக்கம் தண்ணி இல்லைன்னு சொல்றதுதான் எங்க பழக்கம். எத்தனை வீட்டு வாசல்ல சொல்லியிருக்கேன். உங்களுக்குத் தண்ணி இல்லம்மா, போங்கன்னு. சொல்லிச் சொல்லி எனக்கே இல்லாமப் போச்சு."

"நீங்க பொய் எழுதலைன்னு தெரியும்," என்றார் கோமளவல்லி.

முத்திரை குத்திய படிவத்தை நடுவில் கிழித்துக் கூடையில் போட்டார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவை மேலே வைத்தார்.

தணிகாசலம் முதல் ஆறு கட்டங்களையும் வேகமாக நிரப்பினார். ஏழாவதில் நின்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுதத் தொடங்கி, கட்டத்துக்கு வெளியே வரைக்கும் எழுதினார்.

கோமளவல்லி வாங்கிப் படித்தார்.

உண்டு. ஆற்று நீர். நான்காவது தெரு முனையில் உள்ள வால்வு வழியாக. பதினோரு வருடமாக மூடியிருக்கிறது. மூடியவர் மு. தணிகாசலம்.

"படிவத்துல பேர் கேக்கலையே அண்ணே."

"கேக்கல. இடம் இருந்துது."

"உங்க பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

"ஏழு."

கோமளவல்லி வேறொரு முத்திரையை எடுத்து மையில் தொட்டார். இந்த முறை அடியில் விழுந்தது வேறு: வரம்பை மீறியது.

மரியபுஷ்பம் மத்தியான வியாபாரத்தைப் பார்க்கப் போனார். கேனை எடுத்துப் போகவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணிக்கு அலுவலகத்திலிருந்து கபிலன் வந்தார். இளம் பொறியாளர். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வெயிலில் வண்டி ஓட்டி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறிக்கையை வாங்கி நின்றபடியே படித்தார். அடி முத்திரையைப் பார்த்ததும் மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"மேடம், ஐந்நூத்தி நாப்பதுதானே? அறுநூறுக்குள்ளதானே வருது."

"வேற ஆதாரம் இல்லைன்னா அறுநூறு சார்."

"இல்லையே."

"இருக்குன்னு எழுதியிருக்கு."

கபிலன் ஏழாவது கட்டத்துக்கு வந்தார். தணிகாசலத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா எழுதினீங்க?"

"ஆமா சார்."

"மூடிக் கிடக்கற வால்வை எப்படி ஆதாரம்னு சொல்லுவீங்க? திறந்திருந்தாத்தானே ஆதாரம்?"

"மூடினதாலதான் சார் அந்தாண்டை இல்லை. இந்தாண்டை இருக்கு."

"அது சரிங்க. ஆனா நடைமுறையில பார்த்தா இல்லைதானே?" கபிலனின் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "மேல எல்லாம் முடிவாயிடுச்சு மேடம். லாரிக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. நான் இதை எடுத்துட்டுப் போனா, அந்த வால்வு ஏன் மூடியிருக்குன்னு என்னைத்தான் கேப்பாங்க. அந்த ஒரு கட்டத்துல மட்டும் இல்லைன்னு போட்டுக் குடுங்க. எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்குமா?" என்றார் மரியபுஷ்பம்.

கபிலன் அப்போதுதான் அவரைக் கவனித்தார். "நீங்க யாரும்மா?"

"அஞ்சாவது தெரு."

அறிக்கை பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் பதிவேடு மேஜையில் திறந்து கிடந்தது. கபிலன் அதைத் தொடவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கோமளவல்லி நகரவில்லை. தணிகாசலம்தான் எழுந்தார். யாரும் சொல்லாமலே, கால் இழுக்க இழுக்க நடந்து, தம்ளரைக் கழுவி, மரியபுஷ்பத்தின் கேனைச் சாய்த்து நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

கபிலன் தாகத்தோடு ஒரு பெரிய மடக்கு குடித்தார். அடுத்த மடக்குக்கு முன்னால் நின்றார். நாக்கு உதட்டுக்குள் எதையோ தேடியது. தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"வேற தண்ணி இல்லையா மேடம்?"

கோமளவல்லி டிராயர் சாவியை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார். இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்குத் தணிகாசலம் அண்ணன் பதில் எழுதியிருக்கார் சார். ஏழாவது கட்டம்."